வயிற்றில் ஒரு சூட்டுத் தழும்பு

என் தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்ட அசட்டுத்தனம் என் ஆயுளில் பாதியைத் தின்றது. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கைகால் இழுப்பு வந்து பிழைப்பேனோ மாட்டேனோ என்று கிடந்தேனாம். விரலி மஞ்சளை எண்ணெயில் தோய்த்து, விளக்கில் கொளுத்தி, வயிற்றில் ஒரு சூடு வைத்தார்களாம். உயிர் தங்கிவிட்டதாம். கிணற்றடியில் குளிக்கும்போது யார் அகப்பட்டாலும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு இந்தக் கதையைச் சொல்வேன். எமனோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன் என்று எனக்கு நினைப்பு.

ராசிபுரத்தில் எங்கள் வீடு என்பது தறி போக மிஞ்சிய இடம்தான். முன்கட்டு முழுக்கத் தறிக்குழி; பின்னால் ஓர் அடுப்படி; கொல்லையில் ஒரு கொட்டகை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நூலுக்கு நாய் படாத பாடு படவேண்டும். கிடைத்த அன்றைக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருப்பேன். அப்பா இல்லை. அம்மா கதர் ராட்டை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, நாடாவுக்குள் வைக்கிற நூல் தார் சுற்றுவாள். என் மனைவிக்குத் தறி வேலை தெரியாது. அவள் அப்பா ஓமலூர்ச் சந்தையில் துண்டு வேட்டி விற்றவர். அவர்கள் வீட்டில் தறியே கிடையாது. தறி இல்லாத வீட்டில் பெண் எடுத்தேன் என்று என்னைக் கேலி செய்யாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், மூன்றாம் மாதம் பெண்குழந்தையோடு திரும்பி வந்தாள். தறிக்கு நேர் மேலே போகும் உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினாள் அம்மா. நெய்கிறவன் கண்ணிலேயே குழந்தை இருக்குமாம். அன்று மத்தியானமே பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இரண்டு கைகளையும் விரித்து உதறியது. விரல்கள் நடுங்கின. பிறகு கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு வீறிட்டது. அழும்போது மோவாயும் வெடவெடவென்று ஆடியது.

"அடி ஆத்தா, சீர் வந்துருச்சு! இவனுக்கு வந்ததே, அதே வெட்டு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தைகளுக்கு வரும் இழுப்பை எங்கள் பக்கம் சீர் என்பார்கள். தாய்வீட்டில் சாயங்காலம் பறவை பறக்கும்போது பிள்ளையை வெளியே கொண்டுவந்ததால் வந்த தோஷம் என்றாள். பழி என் மனைவிமேல் விழுந்தது. நான் பாட்டுக்குத் தறிக்குழியில் இறங்கிவிட்டேன்.

அதைவிடக் கேவலம் அடுத்தது. குழந்தை உதறும்போதெல்லாம் நான் நாடாவைப் போட்டுவிட்டு எழுந்து போய்த் தூக்குவேன். தூக்கியதும் உதறல் நின்றுவிடும். அம்மா தூக்கினால் நிற்காது. நான் தொட்டிலில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினால் மறுபடி உதறும். ஆக, என் கைக்கு ஏதோ ராசி இருக்கிறது என்று வீட்டில் முடிவாயிற்று. "அப்பன் கை பட்டா நின்னு போவுது பாரு!" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டு நாள் அதைக் கொஞ்சம் மரியாதையாகவே கழுவினேன்.

கைராசி இருந்தும் உதறல் நிற்கவில்லை. நாளுக்கு நாள் கூடத்தான் செய்தது. சூடு போடுகிறவரை ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்லி அனுப்பினாள் அம்மா. எனக்கு வைத்தவரின் மகன் அவர். தகப்பனைவிடக் கைதேர்ந்தவர் என்று பெயர். என் மனைவி அன்றிலிருந்து சோற்றில் கை வைக்கவில்லை. மூன்று மாதத்துப் பிள்ளையின் வயிறு எத்தனை அகலம் இருக்கும்? நான் அவளுக்கு என் தழும்பைக் காட்டித் தைரியம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒருவரும் தறியில் உட்கார மாட்டார்கள். தறிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டதோடு சரி. அன்று குழந்தை காலையில் பால் குடித்துவிட்டுத் தூங்கியது, எழுந்து சிரித்தது, மறுபடி தூங்கியது. ஓர் உதறல் இல்லை. தான் நேர்ந்துகொண்ட நேர்ச்சைதான் என்றாள் அம்மா. நேற்று நான் திருநீறு பூசிய விசேஷம் என்று எனக்கு ஓர் எண்ணம்.

மனைவிதான் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குச் சத்தம் கேக்கறதில்லீங்களா?"

"என்ன சத்தம்?"

"தறிச் சத்தமுங்க. நீங்க பலகையை இழுத்து அடிக்கறப்பத்தான் பாப்பா ஒதறுது. இன்னிக்குத் தறி ஓடலை, ஒதறலை. அழுவறப்ப மோவாயோ கையோ ஆடுச்சுன்னா நான் புடிச்சுப் பாக்கறேன், நின்னு போவுது. எந்தம்பிக்கு நெசமான இழுப்பு வந்தப்ப நாலு பேரு புடிச்சும் நிக்கலீங்க."

எனக்குக் கோபம் வந்தது. தறி இல்லாத வீட்டுக்காரி தறியைக் குற்றம் சொல்கிறாளே என்று. ஆனால் அவள் கேட்ட முதல் கேள்வி என்னை விடவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறேன். அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் தறியில் உட்கார்ந்தேன். கண்ணைத் துணியில் வைக்காமல் தொட்டிலில் வைத்துக்கொண்டு, நூலை நெருக்கும் பலகையை இழுத்து ஓர் அடி அடித்தேன். இரண்டு பிஞ்சுக் கைகள் சேலைக்கு மேலே எழுந்து உதறின. நிறுத்தினேன், அடங்கின. மறுபடி அடித்தேன், மறுபடி எழுந்தன. எழுந்து போய்த் தூக்கினால் ஏன் நின்றது என்று அப்போது புரிந்தது. அடிக்கிறவன் எழுந்துவிட்டால் அடி எங்கிருந்து விழும்? கைராசிக்காரன்! எனக்கு என்மேல் காறித் துப்பலாம் போல இருந்தது. அந்த உதறல் சில மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தானாகப் போய்விடும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு.

சூடு போடுகிறவர் வந்தார். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, விளக்கை ஏற்றச் சொல்லி, மடியிலிருந்து விரலி மஞ்சளை எடுத்து வைத்தார். நான் விஷயத்தைச் சொல்லி, தறியை அடித்தும் நிறுத்தியும் காட்டினேன். அவர் குழந்தையைப் பார்க்கவே இல்லை.

"தறிங்கறது லச்சுமிங்க. லச்சுமி சத்தத்துக்குக் கொழந்தை ஒதறுமுங்களா?" என்று சிரித்தார்.

"உன்ற வயித்தைப் பாருடா! அந்தச் சூடு இல்லீன்னா நீ ஏது, இந்தப் புள்ளை ஏது?" என்று அம்மா கத்தினாள். அவள் கையில் குழந்தை இருந்தது. என் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தொட்டில் எங்கம்மா கட்டியிருந்தே?" என்று கேட்டேன்.

"இதே உத்தரத்துலதான்."

"கீழே?"

"கீழே உங்கப்பன் தறி நெய்ஞ்சுக்கிட்டு..." என்றவள் நிறுத்தினாள்.

"சூடு வெச்சதும் நின்னுச்சா?"

"புண்ணு ஆற வேணும்னு எங்கம்மா ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். அங்க போனதும் நின்னு போச்சு." அவள் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். அப்புறம் தறியைப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் தறி கிடையாது. அவர்கள் தெருவில் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்க்கிறவர்கள்.

அந்த மனுஷன் மஞ்சளை எண்ணெயில் தோய்த்து, "காலைப் புடிச்சுக்குங்கம்மா" என்றார்.

அம்மா குழந்தையை என் மனைவி கையில் கொடுத்தாள். விளக்கை வாயால் ஊதினால் வீடு விளங்காது என்று சின்ன வயதில் என்னை எத்தனை முறை அடித்திருப்பாள்! குனிந்து, வாயாலேயே ஊதி அணைத்தாள்.

பிறகு என் வேட்டி மடிப்பை விலக்கி, அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

"நீ கத்துன கத்து இன்னும் கேக்குது, சாமி. காலைப் புடிச்சது நாந்தான்."