ஏழாவது டெஸ்டும் இரண்டு எலுமிச்சம்பழமும்

போன செவ்வாய்க்கிழமை டிரைவிங் டெஸ்டுக்குப் போனேன். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள்... சரி, கேட்டுவிட்டீர்கள். ஏழாவது.

ஆறு தடவை பெயிலானபோது அசராதவள், இந்த முறை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை எனக்கு. இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அரபு நாட்டுக்கு வந்து, கராமா ஏரியா ஃபிளாட்டில் இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

வீட்டுக்காரரிடம் டெஸ்ட் தேதியைச் சொல்லவில்லை. ஆறாவது தடவை தோற்று வந்தபோது, "ஏட்டி, பேசாம அந்த மெட்ரோ கார்டுக்கு ஃபிரேம் போட்டு மாட்டிருவமா?" என்று கேட்ட மனுஷன் அவர். அக்கம்பக்கத்துத் தமிழர்களிடமும் மூச்சு விடவில்லை. ஒருத்தரிடம் சொன்னால் போதும், வாட்ஸ்அப்பில் துக்கம் விசாரிக்க நாற்பது பேர் வருவார்கள்.

விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு — கிரேஸ், மரிவிக். கிரேஸ் கென்யாக்காரி, சலூன் நடத்துகிறாள். மரிவிக் பிலிப்பைன்ஸ், ஹோட்டலில் கேக் செய்பவள்.

அல் கூஸ் ஏரியா டிரைவிங் ஸ்கூலில் சேர வந்த முதல் நாள், வரிசையில் அடுத்தடுத்து நின்றோம். கவுன்ட்டரில் இருந்தவர் மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "உங்க மேடம் வரலையா?"

நிறத்தைப் பார்த்தார், வீட்டு வேலைக்காரர்கள் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டு வேலை ஒன்றும் கேவலமில்லை. கேட்காமலே முடிவு கட்டியதுதான் எனக்குச் சுருக்கென்றது. கிரேஸ் நிதானமாகச் சொன்னாள்: "மேடம் வந்தாச்சு. மூணு மேடம். உட்கார நாற்காலி எங்கே?"

அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம். எங்கள் பேச்சு பாதி உடைந்த இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி, மிச்சம் கை ஜாடை. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

இங்கே டெஸ்ட் எப்படி என்றால், ஒரே காரில் மூன்று பேரை ஏற்றுவார்கள். ஒருத்தி ஓட்ட, பக்கத்தில் ஆபீசரம்மா. மற்ற இரண்டு பேரும் பின்சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி ஒரே நாளில், ஒரே காரில் இடம் வாங்கியிருந்தோம்.

இதற்கிடையில் நான் ஒரு தப்பு செய்திருந்தேன். எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம் என்று ஒரு நாள் இருவரிடமும் விளையாட்டாகச் சொல்லி வைத்தேன்.

விளையாட்டு என்று அவர்களுக்குப் புரிய வேண்டாமா?

என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். ஸீட் பெல்ட், கண்ணாடி, சிக்னல் எல்லாம் சரி பார்த்து மெதுவாக வண்டியை நகர்த்தினேன். பச்சக்.

ஆபீசரம்மா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். இறங்கினார். குனிந்தார். டிஷ்யூ பேப்பரில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றோடு திரும்பி வந்தார். இன்னொன்று அடுத்த சக்கரத்தடியில் இருந்தது.

"யாருடையது?"

என் ஊர் வழக்கம். ஆனால் பழம் வைத்தது நான் இல்லை. வாயை மூடிக்கொண்டால் நான் தப்பலாம்... அவர்கள்? இரண்டு பேரும் எனக்காக அல்லவா வைத்தார்கள்? போகட்டும் வேலை என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து கிரேஸ், "என்னுடையது. தொண்டை கட்டியிருக்கு" என்றாள். மரிவிக், "இல்லை, என்னுடையது. ராத்திரி மீன் சமைக்கணும்" என்றாள்.

"என்னுடையது மேடம். எங்க ஊர் பழக்கம்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஆபீசரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இறுகியிருந்தது. "கலாஸ். யல்லா, ஓட்டு." போதும், கிளம்பு என்று அரபியில் அர்த்தம்.

ஓட்டினேன். மூன்று ரவுண்டானா, ஒரு யூ-டர்ன். எதையும் முட்டவில்லை. பிறகு அவர்கள் இருவரும் ஓட்டினார்கள்.

முடிவு வந்தது. நான் பாஸ். கிரேஸ் பெயில். மரிவிக்கும் பெயில்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். பார்க்கிங்கில் நாலு பேர் பார்க்க, கிரேஸ் என்னை அப்படியே தூக்கிவிட்டாள். நான் அறுபத்தெட்டு கிலோ, ஞாபகமிருக்கட்டும். மரிவிக் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெயிலானதுக்கா அழற?" என்றேன்.

"அதுக்கு வீட்டுக்குப் போய் அழுவேன். இது உனக்கு."

நமக்குக் கஷ்டம் என்றால் கூடச் சேர்ந்து அழ ஆள் கிடைத்துவிடும். தான் தோற்ற நாளில் நாம் ஜெயித்ததைக் கொண்டாட எத்தனை பேர் கிடைப்பார்கள்? எனக்கு இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். நான் கொடுத்து வைத்தவள்.

அவர்களுக்கு மறு டெஸ்ட், நான் புது வேலையில் சேர்ந்து நாலாவது நாள் வருகிறது. இப்போதே லீவு கேட்டுவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதினேன்.

பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.