கோலமாவில் ஒரு பியானோ

வேங்கிக்காலில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறையில் இப்போது பதினொரு பிள்ளைகள் பியானோ படிக்கிறார்கள். மூத்தவனுக்கு ஆறு வயது. இளையவளுக்கு இன்னும் நான்கு முடியவில்லை. ஸ்டூலில் தூக்கி உட்கார வைத்தால் அவள் கால் அந்தரத்தில் ஆடும் என்பதால் அடியில் ஒரு மணைப்பலகை போட்டிருக்கிறேன். சேர்க்க வருகிற பெற்றோர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு சின்ன வயதில் ஆரம்பிக்கலாமா, விரலுக்குப் பலம் போதுமா? போதும் என்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதற்கும் முன்பே, ஐந்து வயதில், பியானோ வகுப்புக்குப் போய்விட்டவளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும். தெரியட்டும்.

சேர்த்துவிட்டது அம்மா. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில், சென்னையிலிருந்து வந்து குடியிருந்த ஒரு டீச்சர் வீட்டில் அவள் வேலை பார்த்தாள். பெருக்கித் துடைத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவாள். அந்த வீட்டு முன்னறையில் சுவரோடு சுவராக ஒரு கருப்புப் பியானோ நின்றது. அதைத் துடைப்பதும் அம்மாவின் வேலைதான். மூடியைத் திறந்து, காய்ந்த துணியால், சத்தம் எழாமல் ஒவ்வொரு கட்டையாகத் துடைக்க வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அவர் ஒரு வகுப்பு தொடங்கப் போவது தெரிந்ததும், தன் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும்படி அம்மாவே போய்க் கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொன்ன நிபந்தனைகளையே அவளுக்கும் சொன்னார். ஆறு சனிக்கிழமை பயிற்சி. ஏழாவது சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து கட்டைகளில் ஒரு சின்ன மெட்டை வாசித்துக் காட்ட வேண்டும். சேரும் ஆறு பேரில் யார் தயாராக இருக்கிறார்களோ அவர்களை மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்வார். வகுப்பில் தாயோ தகப்பனோ கூட இருக்க வேண்டும். அந்த மெட்டைப் பிள்ளைக்கு முன்பே பெற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் வாசிப்பதைப் பார்த்தால்தான் குழந்தைக்கு ஆசை வரும் என்பார். கடைசியாக, வீட்டில் ஒரு கீபோர்டாவது இருக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் பழக வேண்டும்.

"இருக்குதுங்க டீச்சர்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு டிவி, ஒரு மிக்சி, ஒரு கட்டில்.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது இடுப்பில் மூன்று ஈர்க்குச்சிகளைச் செருகிக்கொண்டு வந்தாள். ஒன்று வெள்ளைக் கட்டையின் நீளம், ஒன்று அதன் அகலம், ஒன்று கருப்புக் கட்டையின் நீளம். பியானோ துடைக்கும்போது மேலே வைத்துப் பார்த்து அளவாக ஒடித்தவை. மார்கழியில் அம்மா போடும் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து பெண்கள் வருவார்கள். அவள் கைக்கு அளவு தப்பாது. அடுப்பு மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில், கோலமாவால் பதினான்கு வெள்ளைக் கட்டைகளை இழுத்தாள். கருப்புக்குக் கரியைப் பூசினால் என் கையும் முகமும் கருப்பாகும் என்று, கோலத்துக்குக் கரை கட்டுகிற காவியையே குழைத்துப் பூசினாள். அதனால் எங்கள் வீட்டுப் பியானோவில் கருப்புக் கட்டைகள் எல்லாம் சிவப்பாக இருந்தன.

அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் மாஸ்டராக இருந்தார். வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, ஏணியா? படுக்க வச்சா எந்த மாடிக்கு ஏறுறது?"

"மிதிக்காம சுத்தி வாய்யா" என்றாள் அம்மா.

சுற்றி வர வழியில்லை. ஏழு வாரமும் அப்பா கட்டில் மேல் ஏறி இறங்கித்தான் சாப்பிட வந்தார்.

வீட்டுப் பாடம் இப்படி நடக்கும். நான் சம்மணம் போட்டு உட்காருவேன். அம்மா எதிரே குந்திக்கொண்டு அந்த மெட்டை வாயால் பாடுவாள். வகுப்பில் மற்ற அம்மாக்கள் வாசிக்கும்போது கேட்டு மனதில் வைத்துக்கொண்டது. அவள் பாடப் பாட என் விரல்கள் மாவுக் கட்டைகளின் மேல் போக வேண்டும். விரல் நேராக இறங்கி நேராக எழ வேண்டும். கொஞ்சம் இழுத்தாலும் மாவு கலைந்துவிடும். கோலத்தைக் கலைக்கக் கூடாது என்பது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரிந்த சட்டம். முடிந்ததும் அம்மா குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பாள். ஒன்றும் கலையவில்லை என்றால் ஒரு வேர்க்கடலை உருண்டை. நான் நிறைய உருண்டைகள் சாப்பிட்டேன்.

சில நாள் பால்வாடியிலிருந்து மத்தியானம் திரும்பி வந்தால் கட்டைகள் அழிந்து கிடக்கும். நான் தொடவேயில்லை என்று அழுவேன். "நீயில்லடி, பூனை" என்று சொல்லிவிட்டு அம்மா ஈர்க்குச்சியை எடுத்துத் திரும்பவும் அளந்து போடுவாள். தெருவில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. அதை நான் துடைப்பத்தோடு துரத்தாத நாளில்லை.

வகுப்பில் முதல் ஆறு வாரம் பிள்ளைகள் யாரும் கட்டையை அழுத்தக் கூடாது. கை தட்டுவோம். தட்டுக்கு ஏற்ப அறையைச் சுற்றி நடப்போம். விரல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண். கருப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாக எங்கே, மூன்று மூன்றாக எங்கே என்று கண்டுபிடித்து அவற்றின் மேல் புளியங்கொட்டை வைப்போம். ஒருமுறை நான் ஓடிப்போய் முதல் ஆளாக வைத்துவிட்டு, "செவப்பு ரெண்டு இங்க!" என்றேன். கஃபே நடத்துகிறவரின் மகன் சிரித்தான்.

"இது பிளாக். உனக்குக் கலர் கூடத் தெரியாதா?"

டீச்சர் என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். ஏதோ விளையாட்டுக் கீபோர்டு என்று நினைத்திருக்க வேண்டும். சுவரோரம் நின்றிருந்த அம்மா தரையைப் பார்த்தாள்.

வகுப்பு முடிந்ததும் பெற்றோர்கள் ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அம்மாவின் முறை வரும்போதெல்லாம் அவள் கை ஈரமாக இருக்கும். "கை ஈரமா இருக்குதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். ஆறாவது வாரம் டீச்சர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். மற்ற வீடுகளில் எல்லாம் அம்மாக்கள் வாசிக்கிறார்கள், இப்படியே இருந்தால் பாப்பாவை வைத்துக்கொள்வது கஷ்டம் என்றார். அம்மா தலையாட்டினாள்.

ஏழாவது சனிக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோடு காலையிலேயே நிரம்பி, ஆட்டோ எதுவும் ஓடவில்லை. அம்மா என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். எதையும் தொடக் கூடாது. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு, கற்பூரம், சுண்டல், சாமியார்கள் எல்லாவற்றையும் தாண்டி வகுப்புக்கு நடந்தேன்.

கஃபேக்காரர் மகன் முதலில் வாசித்தான். மேளம் அடிப்பதுபோல் அடித்தான். அடுத்து வந்த இருவரும் அப்படித்தான். நான்காவது நான். டீச்சர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். கட்டை விரலை வைக்க வேண்டிய இடத்தை நானே கண்டுபிடித்தேன். ஒன்று, மூன்று, ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று. ஒரு விரல் தப்பவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை.

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் கட்டையிலிருந்து சத்தம் வந்ததில்லை. அம்மா ஏன் இன்னும் பாடவில்லை என்றுதான் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டில் என்ன கீபோர்டில் வாசிக்கிறாய் என்று கேட்டார். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியாமல் பெருமையாகச் சொன்னேன்.

"கோலத்துல, டீச்சர். எங்க வீட்ல செவப்புக் கட்டை. நான் அழியாம வாசிப்பேன்."

அறையில் இருந்த எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இருக்கிறது என்று சொல்லிச் சேர்த்தவள். அந்த வீட்டில் வேலை செய்கிறவள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"அழுத்துடி. இது அழியாது."

அழுத்தினேன். சத்தம் என் விரலுக்கடியிலிருந்து வந்ததில் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். அம்மா மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். திரும்பவும் அழுத்தினேன். இந்த முறை நிறுத்தவில்லை. முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். யாரும் சொல்லாமலே இன்னொரு முறையும் வாசித்தேன்.

டீச்சர் அம்மாவைப் பார்த்து, "வீட்ல இருக்குன்னு சொன்னீங்களே" என்றார்.

"இருக்குதுன்னுதாங்க சொன்னேன். சத்தம் வருதுன்னு சொல்லலைங்க."

டீச்சர் என் வலது கையை எடுத்து விரல்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "சத்தத்தை நான் சொல்லிக் குடுத்துடுவேன். இப்படி விரல் வைக்கச் சொல்லிக் குடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆகும்" என்றார். மற்ற பிள்ளைகளை அழைத்து, என்னைப்போல் சத்தம் எழாமல் கட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கஃபேக்காரர் மகனால் முடியவே இல்லை. என்னை வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அந்த முன்னறைத் தரையில், பியானோவுக்கு எதிரே, அம்மா கோலமாவால் கட்டைகள் இழுத்தாள். இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும்.

என் மாடி அறையிலும் தரையில் கோலமாவுக் கட்டைகள் உண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அங்கேதான் தொடங்குகிறார்கள். காவிதான் பூசுகிறேன். அம்மா சில நாள் எனக்குச் சாப்பாடு எடுத்து வருவாள். வா, உட்கார், ஒருமுறை வாசி என்பேன். அவள் கை இன்றைக்கும் ஈரமாகவே இருக்கிறது.

அந்த ஏழு வாரத்தில் எங்கள் வீட்டுப் பதினான்கு வெள்ளைக் கட்டைகளில் அழிந்து கிடந்தவை எப்போதும் அந்த மெட்டுக்கான ஐந்துதான். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடம், என் விரலைவிட அகலமாக. ஒரு பூனை தினமும் அந்த ஐந்து கட்டைகளில் மட்டும் எதற்காக நடக்க வேண்டும் என்று, துடைப்பத்தோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவேயில்லை.