தலைமதகில் ஒரு வெள்ளைத் துணி

ஆற்றில் முதல் வெள்ளம் வந்தவுடன் தலைமதகைத் திறந்து குளத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். மலையிலிருந்து வரும் முதல் தண்ணீர் வண்டலைக் கொண்டுவரும். வயலுக்கு அதுவே எரு. நொய்யலின் குறுக்கே கல் அடுக்கி அணை கட்டி, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழியும்படி வாய்க்கால் வெட்டிய அந்தக் காலத்து ஆட்கள் இதை அறிந்திருந்தார்கள். ஊரை மேட்டிலும் வயலைப் பள்ளத்திலும் வைத்தார்கள். எங்கள் டவுன் பஸ் இன்றும் வளைவது அவர்களுடைய வாய்க்கால் வளைகிற இடங்களில்தான். அவர்கள் யோசிக்காமல் விட்டது சாயப்பட்டறை ஒன்றைத்தான்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் முதல் வெள்ளம் என்றால், கோடை முழுவதும் ஆற்றில் தேங்கிய சாயம் மொத்தமாகக் கிளம்பி வருவது என்று பொருள்.

நான் பாசன அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குளத்துக்குக் கீழே, என் பக்கத்து வீட்டில், பனியன் கம்பெனியில் துணியில் கறை, ஓட்டை பார்த்து ஒதுக்கும் செக்கிங் வேலை செய்யும் பெண்மணி இருந்தார். கணவருக்கு இடுப்பு சரியில்லை. இரண்டு எருமைகள், ஒரு கிணறு. முந்தைய வருடம் குளத்தில் ஏறிய சிவப்புத் தண்ணீரால் கிணறு கெட்டு, கோடை வரை சைக்கிளில் குடம் கட்டி அலைந்தார்.

"இன்னொருக்கா கெட்டுதுன்னா எருமைய வித்துப்போட்டு டவுன்ல லைன் ஊட்டுக்கு வாடகைக்குத்தான் போகோணுங்க சார். ஒரு மனு எழுதிக் குடுங்க."

சாயம் தெளியும்வரை வெள்ளத்தை ஆற்றோடு விட அனுமதி கேட்டு, முறையான வழியில், மூன்று பிரதிகள் அனுப்பினேன். பிறகு இரண்டு நினைவூட்டுகள். பதில் இல்லை. பதில் எழுதாமல் இருக்கும் கலையை அந்த நாற்காலிக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை வெள்ளம் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் தலைமதகுக்குப் போனபோது, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் கைப்பிடியை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி கம்பெனியின் வெள்ளைக் கட்டிங் துணி ஒன்றைக் குச்சியில் கட்டி ஆற்றில் முக்கினார். கொண்டுவந்த நல்ல தண்ணீரில் அலசினார். மண்ணென்றால் அலசலில் போய்விடும், சாயம் போகாது. துணி ஊதாவாகவே இருந்தது. அதை லஸ்கரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன கலருன்னு சொல்லுங்ணா."

"கலரு எனக்கெதுக்கு கண்ணு? தொறக்கோணும்னு ஆர்டர் இருக்குது. தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குதா?"

"உங்க ஊட்டு எருமைக்கு ஆர்டரத்தான் கரைச்சுக் குடிக்க வெப்பீங்களா?"

லஸ்கர் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தொறக்கல சார். ஆனா நோட்டுல என்னன்னு எழுதறதுங்க?"

நோட்டை வாங்கினேன். பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதிய பொய்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டவன், 'ஷட்டர் துருவேறி இறுகியதால் திறக்க இயலவில்லை. எண்ணெய் விடப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து லஸ்கர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் துணி வெளிர்பச்சை. மூன்றாம் நாள் வெள்ளைதான் என்று நான் அடித்துச் சொன்னேன். "ஓரத்தப் பாருங்க சார், ரிஜெக்ட்டு" என்றார் அந்தப் பெண்மணி. நாலாம் நாள் வெயிலில் விரித்து, இருபுறமும் திருப்பிப் பார்த்து, "பாஸுங்க" என்றார். துரு உடனே விலகியது.

கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். தண்ணீர் இனித்தது.

சாயம் தெளியும்வரை மதகை மூடி வைக்கலாம் என்ற அனுமதி, குளம் வற்றி ஆடுகள் மேயத் தொடங்கியபின், பங்குனி இருபத்தொன்பதாம் தேதி வந்தது.