“மிதவை” என்று எழுதிவிட்டார் என் பாட்டை

சதாசிவம் சார் போய்விட்டார்.

காலையில் மலைமேல் அவர் ஊரான கொட்டச்சேடு போய் முகம் பார்த்துவிட்டு, இப்போதுதான் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அழுகை வரவில்லை... கோபம்தான் வருகிறது.

எண்பதுகளில் நாங்கள் ஒரே காபி எஸ்டேட் ஆபீஸ். அவர் கணக்கு எழுதும் ரைட்டர், நான் டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் கர்நாடக சங்கீதப் பைத்தியம். சொந்தமாகக் கீர்த்தனை கட்டுவோம்.

ஆனால் அவருக்கு எல்லாமே சயின்ஸ். மேஜையில் டியூனிங் ஃபோர்க், கிராஃப் பேப்பர்... “மனசுக்குப் புடிச்சுதுங்கறதெல்லாம் ஆதாரமா தம்பி? இனிமே பாட்டுக் கட்டறவன் டெஸ்ட் பண்ணித்தான் ஆகோணும்” என்பார்.

டெஸ்ட் என்ன தெரியுமா? காபிப் பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் சொத்தை மிதக்கும், அள்ளி எறிந்துவிடுவார்கள். அதே மாதிரி, பழம் பறிக்கும் பெண்கள் மூன்று பேருக்குக் காலையில் பல்லவி சொல்லித் தருவார். சாயங்காலம் அவர்களுக்கு மறந்திருந்தால், நோட்டில் “மிதவை” என்று எழுதுவார். அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

ஒரு வருஷம் எஸ்டேட் கோயில் திருவிழாவில் புதுக் கீர்த்தனை ஒன்று பாடலாம் என்று முடிவானது. என்னுடையதா, அவருடையதா? “டெஸ்ட் சொல்லட்டும்” என்றார். நானும் மடையன் மாதிரி தலையாட்டினேன்.

மறுநாள் நோட்டைக் காட்டினார். என் பாட்டுக்கு நேரே “மிதவை”.

“மூணு பேருக்குமே மறந்து போச்சு தம்பி. சயின்ஸ் பொய் சொல்லாது பாருங்க.”

எனக்கு அப்போதே சந்தேகம். போட்டியில் இருப்பவரும் அவர், டெஸ்ட் பண்ணுகிறவரும் அவர்... ஆனாலும் நோட்டில் எழுதியிருக்கிறதே! வீட்டுக்குப் போய் என் பாட்டு நோட்டை அடுப்பில் போட்டேன். அப்புறம் ஒரு வரிகூடக் கட்டவில்லை.

இன்று அவர் வீட்டு வாசலில் பாவாயி அக்கா உட்கார்ந்திருந்தார், அந்த மூன்று பேரில் ஒருவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பாடினார். என் பல்லவி. முழுசாக!

“அக்கா... உங்களுக்கு மறந்து போச்சுன்னாரே?”

“ஆரு சொன்னா? அன்னைக்குச் சாயங்காலமே மூணு பேரும் பாடிக் காமிச்சம் சாமி. நொம்ப நல்லா இருக்குது, ஆனா ஆரு முன்னாடியும் பாடாதீங்கன்னு அவருதான் சொன்னாரு. இப்பத்தான் அவரே போயிட்டாரே...”

உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தார் மனிதர். என்ன கேட்பது?

மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டெஸ்ட் ரிசல்ட் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. போய் வாருங்கள் சார்.