ஒன்றும் குறையவில்லை

எங்கள் வாசிகசாலைத் தலைவர் தெற்கில் கடை வைத்திருந்த குடும்பத்து ஆள். சாமான் வெளியே போனால் காசு வரவேண்டும். வராவிட்டால் அது களவு. அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் அனுப்பிய கணினிக்கு மாலை போட்டு, உறை கழற்றாமல் ஒரு வருடம் வைத்திருந்த மகான்.

அந்தக் கணினியில், தமிழை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளையும், யாரோ முகம் தெரியாதவர்கள் குரல் கொடுத்த சாதாரண தரப் பரீட்சைப் பாடங்களையும் வைத்து டொரன்ட் என்கிற இணையப் பகிர்வு முறையில் திறந்து விட்டிருந்தேன். பெரிய வித்தை இல்லை. வைத்திருப்பவர் கணினியைத் திறந்து வைத்தால், வேண்டியவர் துண்டு துண்டாகப் படி எடுப்பார். எடுத்தவரும் மற்றவர்களுக்காகத் திறந்து வைக்கவேண்டும். எங்கள் ஆட்களோ எடுத்த கையோடு மூடினார்கள். பிறகு சினிமாப் படம் வைக்க இடம் காணாதென்று அழித்தும் விட்டார்கள். வீட்டில் ஒரு படி வைத்திருக்காத மடையன் நான். முழுதாக இருந்தது வாசிகசாலையில் மட்டும்.

நெடுந்தீவில் ஓர் ஆசிரியை கண் தெரியாத தன் மாணவிக்காக அதை இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே இணைப்பு ஆமை வேகம். மற்றப் பாடங்கள் வந்துவிட்டன. விஞ்ஞானம் பாதியில் நின்றபோது பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, எங்கட பிள்ளை காதாலதான் படிக்கிறவள். அங்க என்ன நடந்தது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. திரையில் 'அனுப்பியது' என்ற எண் ஏறுவதைத் தலைவர் பார்த்திருக்கிறார். கணினி காலியாகிறதென்று முடிவெடுத்து, வயரைப் பிடுங்கி, அறையைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு கொழும்புக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டார். தொலைபேசியில் விளக்கினேன், கெஞ்சினேன். வந்து பார்ப்போம் என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பூட்டை உடைத்திருக்கலாம். நிர்வாகத்தோடு ஏன் வம்பு என்று இருந்துவிட்டேன். அவரைத் திட்டுகிற வாய் இதையும் சொல்லத்தான் வேண்டும். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பு.

விஞ்ஞானப் பரீட்சை நடந்த அன்று பின்னேரம் தலைவர் வந்து சேர்ந்தார். அந்தப் பிள்ளை பாதிக் கேள்விகளுக்குமேல் தொடவில்லை என்று ஆசிரியை அப்போதுதான் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தார். தலைவர் அறையைத் திறந்து, கணினியைப் போட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வடிவாப் பாரும், ஒண்டும் குறையேல்லை. நல்ல காலம், நான் கண்டனான்."