சித்தப்பாவுக்காகச் சரி சொன்னவர்

"பொட்டப் பொண்ணு இங்லீசு படிச்சு இன்னா பண்ணப் போவுது? கப்பலா வுடப் போவுது?"

நான் பி.யூ.சி.யில் சேர்ந்த அன்று ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று காதர் பாய் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தையே முடித்ததில்லை. அதனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கப்பல் இன்னும் விடவில்லை... எழுத வந்துவிட்டேன், அது உங்களுக்குத் தெரியும்.

காதர் பாய் ஹார்பரில் மேஸ்திரி. என் சித்தப்பா அருளப்பன் அவருடைய கேங்கில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவர். அந்தச் சித்தப்பாவுக்குத்தான் இப்போது இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டது. முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

போன வாரம் பார்க்கப் போனேன். சித்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காதர் பாய்.

"பேஜாராவாத மா. திங்கக்கெழம மெஷின்ல போடறாங்கோ. ரத்தத்தை கிளீன் பண்ணிட்டா முடிஞ்சுது. அடுத்த மாசம் உன் சித்தப்பன் வின்ச்சாண்ட குந்திகினு இருப்பான்."

"ஒரு தடவை போதுமா பாய்?"

"கப்பல் பாய்லரைத் தெனமுமா கழுவறாங்கோ?"

எனக்கு எங்கோ உதைத்தது. நேராக வார்டுக் கோடி மேஜையில் இருந்த டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"ஒரு தடவையா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாரத்துக்கு ரெண்டு தடவைம்மா. உயிரோட இருக்கிறவரைக்கும். இவரோட அண்ணன்கிட்ட எல்லாம் விளக்கினேனே... சரின்னாரே?"

"எந்த அண்ணன்?"

"அதோ, ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரே."

தூக்கிவாரிப்போட்டது. அருளப்பனுக்கு அண்ணன் காதர் பாயா? பெயரைக்கூடக் கேட்கவில்லையா இந்த டாக்டர்?

ஹார்பரில் ஒரு வழக்கம். இன்னொரு ஷிப்ட் பார்ப்பீர்களா என்று கப்பல் ஆபீசர் கேங்கிடம் கேட்பதில்லை — மேஸ்திரியிடம் கேட்பார். மேஸ்திரி சரியென்றால் எல்லோரும் சரி. அதே பழக்கத்தில், டாக்டர் பாதி இங்கிலீஷில் சொன்னதற்கெல்லாம் பாய் தலையாட்டியிருக்கிறார். நல்ல மனசோடுதான். ஆனால் அவர் ஒப்புக்கொண்டது ஒரு ஷிப்டுக்கா? ஒரு மனுஷனின் மிச்ச வாழ்க்கைக்கு.

அதைவிட அதிர்ச்சி — கட்டிலில் படுத்திருந்தவரை யாருமே கேட்கவில்லை. ஒரு சேலை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிற ஜனங்கள் நாம். உயிர் விஷயத்தில் மட்டும் யாரோ ஒருவர் தலையாட்டினால் போதுமா?

டாக்டரைக் கட்டிலுக்கே அழைத்து வந்தேன். "இவர்கிட்ட சொல்லுங்க சார். தமிழ்ல."

சொன்னார். மெஷின் வியாதியைக் குணமாக்காது. கிட்னி பார்க்க வேண்டிய வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான். சொந்தத்தில் ஒருவர் கிட்னி கொடுத்தால் பொருத்திப் பார்க்கலாம் — நம் நாட்டில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள், உடம்பு ஏற்குமா என்பது உறுதியில்லை. எதுவுமே வேண்டாமென்றால் மருந்து, பத்தியத்தோடு வீட்டில் இருக்கலாம். கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதிக நாள் இருக்காது. அப்புறம்... ஆரஞ்சு ஆகவே ஆகாது; அதிலுள்ள உப்பை இந்தக் கிட்னி வெளியேற்றாது.

சித்தி உரித்த சுளைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

சித்தப்பா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "மெஷின்ல ஏறினா நடுவுல எறங்கலாமா சார்?"

"எப்ப வேணும்னாலும் இறங்கலாம்."

"எறங்கினா?"

"சில நாள். அதிகம் போனா சில வாரம்." டாக்டர் மறைக்கவில்லை.

காதர் பாய் வாயைத் திறந்தார். "அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது—"

"நைனா, நீ கம்முனு இரு." மேஸ்திரியிடம் சித்தப்பா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு மாசம் போட்டுப் பாக்கறேன் சார். அப்பால வேணுமா வேணாவான்னு நான் சொல்றேன்."

பாய் முகம் சுருங்கிப்போயிற்று. வெளியே வராந்தாவில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நான் அவனை மாட்டி வுட்டுட்டேனா மா?"

சனிக்கிழமை டாக்டரைப் பக்கத்துக் கட்டிலுக்கும் அழைத்துப் போனேன். அங்கே படுத்திருந்தவர் திருவொற்றியூர்க்காரர், அதே வியாதி. டாக்டர் பேச ஆரம்பித்ததுமே, கூட இருந்த அவருடைய மச்சான் "சரிங்க சார்" என்று முந்திக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. காதர் பாய்.

"அவரு பேசட்டும்பா."