வாயில்லாத சிமெந்துப் பொம்பளை

ராக்காயியின் விரல்கள் நாகலெட்சுமியின் வயிற்றைச் சுற்றி வந்து விலாவருகே நின்றன. தலை அங்கே இருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. நுவரெலியாவில் ஆறு மாதம் பயின்று, வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருடமாகப் பிள்ளை எடுக்கிற கைகள், அநேகமாகத் தவறுவதில்லை.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு லொறியில ஏத்திரணும். லயத்துல பெத்தா ரெண்டு உசிரும் தங்காது."

"நான் வரலக்கா. பள்ளிக்கூடத்தத் தாண்டித்தானே ரோட்டுக்குப் போகணும்?"

பள்ளிக்கூட முற்றத்தில் யாழ்ப்பாணத்து வாத்தியார் சிவபாதம் அந்த அறுபத்திரண்டாம் வருட லீவில் ஒரு சிமெந்துப் பெண்ணை நிறுத்தியிருந்தார். கூடை சுமப்பவளைப் போல முன்னே சாய்ந்திருந்தாள். முகத்தில் வாயில்லை. கை, மார்பு, வயிறெங்கும் எழுத்துகள். உருவம் செய்து எழுத்துப் போட்டால் அது யாருக்கோ வைக்கிற சூனியம் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கமே போவதில்லை.

ராக்காயிக்கும் அந்த மனிதர்மேல் நம்பிக்கையில்லை. கல்யாணமாகாத ஆள் ஒரு பெண்ணின் இடுப்பை இத்தனை சரியாக எங்கே பார்த்தார்? மாலையில் நேராகப் போய்க் கேட்டாள்.

"யாருக்குங்கய்யா வச்சிருக்கீங்க இத?"

"ஒருத்தருக்கும் இல்லை. வாய் திறக்க விடாட்டிலும் உடம்பு பேசும் எண்டு காட்டத்தான் செய்தனான்."

"பேசணும்னா ஒரு வாய வச்சிருந்தாப் போதுமே."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சுற்றிவந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். எவருடைய பெயரும் வரவில்லை. குதிகாலில் மட்டும் ஒரு முழுப்பெயர் இருந்தது.

"இது?"

"என்ர பேர். செய்தவன் போடுறதுதானே."

ராக்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொம்மையில் யார் பெயரோ, அவரைத்தானே அது பிடிக்கும்? ஒன்று, மனிதர் விவரமில்லாதவர். இல்லை, பெரிய கள்ளர். எதுவானாலும் அவளுக்குக் காரியம் ஆகும்.

லயத்துக்குத் திரும்பி, "பொம்மையில வாத்தியாரு பேருதான் இருக்கு. பலிச்சா அவருக்குத்தான் பலிக்கும்" என்றாள்.

நாகலெட்சுமியின் புருஷன் செல்லசாமி இழுத்தான். "நீங்க படிச்சது சரியா இருக்குமாக்கா?"

"புள்ள குறுக்கக் கெடக்குன்னு சொன்னத நம்புறேல்ல? இதையும் நம்பு."

மறுநாள் விடிந்ததும் மூவரும் நடந்தார்கள். முற்றத்தில் ராக்காயி பொம்மைக்கும் நாகலெட்சுமிக்கும் நடுவே நடந்தாள். எதற்கும் இருக்கட்டும். நாகலெட்சுமி குதிகாலருகே நின்றுவிட்டாள்.

"இந்த மனுசனுக்கு எடுத்துச் சொல்ல ஆத்தா இல்லையாக்கா?"

"யாழ்ப்பாணத்துல இருக்காங்களாம். நட."

நாகலெட்சுமி மடியிலிருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து அந்தப் பெயரின்மேல் பூசினாள். பிறகு லொறிக்கு நடந்தாள். ராக்காயி அவள் முதுகுக்குச் சாக்கை மடித்து வைத்து, தானும் ஏறி, "போகலாம்" என்று தகரத்தைத் தட்டினாள்.